எப்படியும் மீந்துதான் போகும்

ரொம்ப நாளாக எழுத நினைத்த விஷயம். உட்காரும்போதெல்லாம் இதில் சொல்ல என்ன இருக்கிறது என்று தோன்றி விட்டுவிடுவேன். யாரும் என்னை ஆற்றிலிருந்து இழுத்துக் கரையேற்றவில்லை, லட்ச ரூபாயைத் தூக்கிக் கையில் கொடுக்கவில்லை. சிலபேர் என்னிடம் பொய் சொன்னார்கள், அவ்வளவுதான்.

2016 நவம்பர் 7, திங்கட்கிழமை ராத்திரி அப்பாவுக்கு நெஞ்சுவலி. திருமங்கலத்துக்குப் பக்கத்தில் சின்னக் கிராமம் எங்களுடையது. அடுத்த வீட்டு ஆம்னி வேனில் படுக்கவைத்து மதுரைக்குக் கொண்டுபோய், முதலில் கண்ணில் பட்ட தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பேர் வேண்டாம், டாக்டர்கள் நல்லபடியாகத்தான் பார்த்தார்கள். அம்மா கழுத்தில் கிடந்ததை அடகு வைத்தது, மச்சான் சீட்டுத் தள்ளி எடுத்தது என்று மறுநாள் சாயங்காலத்துக்குள் நாற்பத்தெட்டாயிரம் புரட்டிவிட்டேன். எல்லாமே ஐந்நூறும் ஆயிரமும். அன்றைக்கு ராத்திரி எட்டு மணிக்கு ஐ.சி.யூ.வுக்கு வெளியே இருந்த டி.வி.யில் பிரதமர் பேசினார். இந்தி யாருக்கும் புரியவில்லை. கீழே ஓடிய எழுத்தைப் படித்த ஒரு காலேஜ் பையன்தான் சத்தமாகச் சொன்னான், ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மேல் ஐந்நூறும் ஆயிரமும் செல்லாது என்று.

அந்த ஹாலில் முப்பது பேர் இருந்திருப்போம். எல்லார் கையும் ஒரே நேரத்தில் பைக்கோ மடிக்கோ போனது.

அரசு ஆஸ்பத்திரியில் பழைய நோட்டு வாங்குவார்கள், பெட்ரோல் பங்கில் வாங்குவார்கள், ரயில்வே கவுன்டரில் வாங்குவார்கள், சுடுகாட்டில்கூட வாங்குவார்கள். தனியார் ஆஸ்பத்திரி அந்தப் பட்டியலில் இல்லை. புதன்கிழமை பேங்க் கிடையாது, ஏ.டி.எம். கிடையாது. பில் கவுன்டரில் இருந்த பெண் "நூறு ரூபா நோட்டா கொடுங்க, இல்லன்னா கார்டு" என்று எல்லாரிடமும் ஒரே குரலில் சொல்லிக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டில் கார்டு என்றால் ரேஷன் கார்டுதான். என்னிடம் மட்டும் ஒரு ஏ.டி.எம். கார்டு இருந்தது, கணக்கில் எண்ணூற்றுச் சொச்சம். பையில் நாற்பத்தெட்டாயிரம் வைத்துக்கொண்டு டீ குடிக்க வழியில்லாமல் நின்ற ராத்திரி அது.

புதன்கிழமை காலை அம்மாவுக்கு ஏதாவது வாங்கிக் கொடுக்க வேண்டும், முந்தின நாள் மத்தியானத்திலிருந்து சாப்பிடவில்லை. காம்பவுண்டு சுவரை ஒட்டி ஓர் அக்கா தள்ளுவண்டியில் இட்லி போடுவார். போய் நின்று, "அக்கா, ஐந்நூறு ரூபா நோட்டு வாங்குவீங்களா?" என்றேன். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "எத்தனை பேரு?" என்றார். நானும் அம்மாவும் என்றேன். ஆறு இட்லியை இலையில் வைத்து, சட்னியைத் தனியாகக் கட்டி, பேப்பரில் சுற்றி நீட்டினார். நான் நோட்டை நீட்ட, "அத உள்ள வையி. கொண்டு போ, எப்படியும் மீந்துதான் போகும்" என்றார்.

மணி ஏழுகூட ஆகவில்லை. முதல் ஈடு இட்லியை அப்போதுதான் இறக்கியிருக்கிறார். துணியிலிருந்து பிய்க்கும்போது ஆவி முகத்தில் அடிக்கிறது, எனக்குப் பின்னால் நாலு பேர் நிற்கிறார்கள். இது எப்படி மீந்துபோகும்? வியாழக்கிழமையும் போனேன். அன்றைக்கும் மீந்துதான் போகும் என்றார். சரி, அந்த வண்டியில் தினமும் முதல் ஈடுதான் மீந்துபோகும்போல என்று எடுத்துக்கொண்டேன்.

மருந்து விஷயத்தில் எங்களுக்கு அதிர்ஷ்டம் இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரியில் இல்லாததை வெளியே வாங்கிவரச் சொல்லிச் சீட்டுக் கொடுப்பார்கள். எதிரே ஒரு மெடிக்கல். டாக்டர் சீட்டைக் காட்டினால் மருந்துக்கடையில் பழைய நோட்டு வாங்கலாம் என்று சொன்னாலும் மீதி கொடுக்க யாரிடம் சில்லறை இருக்கிறது? அங்கே இருந்த அண்ணன் சீட்டைப் பார்த்துவிட்டு, இது கம்பெனியிலிருந்து வந்த சாம்பிள் இருக்கிறது, விற்கக் கூடாது, எடுத்துக்கொண்டு போ என்று ஓரம் வெட்டின அட்டை ஒன்றைக் கவரில் போட்டுக் கொடுத்தார். கவர்மேல் பேனாவால் ஏதோ எழுதியும் கொடுத்தார். மூன்று நாளும் எங்கள் சீட்டில் இருந்த மாத்திரைக்கே சாம்பிள் இருந்தது.

இப்போது அந்தப் பெரியவர்.

கமுதிப் பக்கத்து ஆள். கரிமூட்டம் போடுகிறவர், நகக்கண்ணெல்லாம் கறுப்பு ஏறிக் கிடக்கும். அவர் சம்சாரம் உள்ளே எங்கள் அப்பாவுக்கு இரண்டு படுக்கை தள்ளி. புதன்கிழமை ராத்திரி நான் படியில் உட்கார்ந்து பழைய நோட்டுகளைச் சும்மா எண்ணிக்கொண்டிருந்தேன். எண்ணினால் செல்லுமா என்ன, இருந்தாலும் எண்ணினேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். மடியை அவிழ்த்து நூறு ரூபாய்க் கட்டு ஒன்றை எடுத்தார். வேலையாட்களுக்குச் சனிக்கிழமை கூலி கொடுக்க வைத்திருந்ததாம். "தம்பி, எனக்குப் பெரிய நோட்டா இருந்தா மடியில வைக்கத் தோதா இருக்கும். இந்தச் சில்லறைய எண்ணிக்கிட்டுக் கெடக்க முடியல. ஒரு மூணு ஆயிரம் இருந்தாக் குடு" என்றார்.

எனக்குப் பேச்சு வரவில்லை. "ஐயா, ஆயிரம் ரூபா செல்லாதுய்யா, டி.வி.யில சொன்னாங்கல்ல" என்றேன், அவருக்குத் தெரியாதோ என்று. "தெரியும் தெரியும். எங்க ஊரு போஸ்ட் ஆபீசுல கூட்டமே இருக்காது. போனவொடனே மாத்திக் குடுப்பான்" என்று சொல்லிக்கொண்டே முப்பது நோட்டை எண்ணி என் தொடைமேல் வைத்துவிட்டார். நான் கொடுத்த மூன்று ஆயிரத்தில் ஒன்றில் ஓரத்தில் நீல மை கொட்டியிருக்கும். அதை வேண்டுமானால் மாற்றித் தருகிறேன் என்றேன். "மை இருந்தா என்ன, காந்தி இருக்காரா" என்று மடியில் முடிந்துகொண்டார்.

வெள்ளிக்கிழமை விடியற்காலை அவர் சம்சாரம் போய்விட்டார்.

கமுதிக்கு வண்டி மூவாயிரத்து ஐந்நூறு கேட்டார்கள். டிரைவர் பழைய நோட்டு வேண்டாம் என்றான். பங்கில் வாங்குவார்கள்தான், ஆனால் ஆயிரத்துக்கு மொத்தமாக டீசல் போடச் சொல்கிறார்கள், மீதி தருவதில்லை. அவன் சொன்னதிலும் தப்பில்லை. பெரியவர் மடியை அவிழ்த்தார். மேலே இருந்தது அந்த மைக்கறை நோட்டு. நான் நாலு அடி தள்ளித்தான் நிற்கிறேன், என் பக்கம் அவர் திரும்பவே இல்லை. என்னிடம் மிச்சம் ஆறு நூறு ரூபாய் இருந்தது, ஓடிப்போய்க் கையில் திணித்தேன். ஹாலில் இருந்தவர்கள் ஐம்பது, நூறு என்று நீட்டினார்கள். இட்லி அக்கா சில்லறை டப்பாவோடு வந்துவிட்டார். எல்லாம் சேர்த்து ஆயிரத்து எண்ணூறோ என்னவோ வந்தது. டிரைவர் பார்த்தான். அப்புறம் சட்டென்று, "சரி சரி, ஏறுங்கய்யா. என் தம்பி பேங்க்லதான் இருக்கான், பழசக் குடுங்க, நான் மாத்திக்கிறேன்" என்று கதவைத் திறந்தான். அந்த டிரைவருக்குப் பேங்கில் தம்பி இருந்திருந்தால் நான் மீசையை எடுத்துக்கொள்கிறேன்.

மறுநாள் சனிக்கிழமை நானும் நோட்டு மாற்றப் போனேன். பாரம், ஆதார் ஜெராக்ஸ், வெயில். ஐந்து மணி நேரம். ஓர் ஆளுக்கு நாலாயிரம்தான், அதையும் இரண்டு இரண்டாயிரம் நோட்டாகக் கொடுத்தார்கள், அதற்கும் ஊரில் சில்லறை கிடையாது. வரிசையில் நிற்கும்போது கமுதிப் போஸ்ட் ஆபீசை நினைத்துக்கொண்டே இருந்தேன்.

உங்களிடமும் யாராவது இந்த மாதிரிப் பொய் சொல்லியிருப்பார்கள். இருந்தால் எழுதுங்கள்.

* * *

நான் பேராவூரணிப் பக்கம். கஜா புயல், 2018 நவம்பர் 16 விடியற்காலை. நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில் கரையேறி எங்களை மிதித்துக்கொண்டு மேற்கே போனது. எங்கள் தோப்பில் 140 தென்னை. விடிந்து பார்த்தால் நின்றது பதினொன்று, அதிலும் நாலைந்துக்குக் கொண்டை இல்லை. மரத்துக்கு 600 ரூபாய், வெட்டி அப்புறப்படுத்த 500, ஆக 1,100 என்று அரசாங்கம் அறிவித்தது. தென்னை வைத்து வளர்த்தவர்களுக்கு அந்தக் கணக்கைப் பற்றி நான் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை.

நான் சொல்ல வந்தது கரண்ட் பற்றி. டெல்டாவில் லட்சத்துக்கும் மேல் போஸ்ட்மரம் விழுந்திருந்தது. எங்கள் தெருவுக்கு இருபத்துநாலு நாள் கரண்ட் இல்லை. என் தங்கை பிரசவத்துக்கு வந்து பிள்ளை பெற்று பன்னிரண்டு நாள் ஆன வீடு. கொசு என்றால் அப்படி ஒரு கொசு, விழுந்து கிடந்த மட்டைக்கெல்லாம் அடியில் தண்ணீர். மினி லாரியில் ஜெனரேட்டர் ஏற்றிக்கொண்டு வீடு வீடாக வருவார்கள், மோட்டார் ஓடித் தொட்டி நிறைந்தால் காசு. செல்போன் சார்ஜ் போட இருபது ரூபாய்.

லைன்மேன்கள் எங்கெங்கிருந்தோ வந்தார்கள். கேரளாவிலிருந்துகூட வந்தார்கள். எங்கள் ஊருக்கு வந்தது தர்மபுரி ஆட்கள், எட்டுப் பேர், பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தார்கள். வயலில் இடுப்பளவு சேறு, டிராக்டர் போகாத இடத்தில் சிமென்ட் போஸ்ட்டைக் கயிறு கட்டித் தோளில் சுமந்துகொண்டு போனதை நான் பார்த்தேன். எங்கள் தெருக்கோடி வரைக்கும் வந்தபோது சாமான் தட்டுப்பாடு. அன்றைக்கு இருக்கிற கம்பியில் ஒரு பக்கத்துக்குத்தான் இழுக்க முடியும். தெருவில் கொஞ்சம் வசதியானவர், நாலு பேருக்கு வேண்டியவர், தன் பக்கம் முதலில் கொடுக்கச் சொல்லி நின்றார். போர்மேன் வயசானவர், கழுத்தில் துண்டு. எங்கள் வீட்டுத் திண்ணையில் தூளி கட்டியிருந்ததைக் காலையிலேயே பார்த்திருந்தார். அந்த வசதியானவரிடம் ரொம்பப் பணிவாக, "சார், இந்தக் கடைசி வீட்டுக் கம்பத்த நட்டு இழுத்துக் கட்டினாத்தான் லைன் நிக்கும். இல்லன்னா ராவோட ராவா எல்லாம் சாஞ்சிரும், அப்புறம் யாருக்குமே கெடைக்காது" என்றார். அவரும் தலையாட்டிக்கொண்டு போய்விட்டார். அன்றைக்கு ராத்திரி எங்கள் வீட்டில் பேன் சுற்றியது. என் சித்தப்பா ரிட்டயர்டு வயர்மேன். விஷயத்தைச் சொன்னதும் அப்படிச் சிரித்தார், "நாப்பது வருசத்துல இந்த ரூல நான் கேட்டதில்ல" என்று.

இதோடு முடியவில்லை. மறுநாள் அம்மா அவர்களைச் சாப்பிடக் கூப்பிட்டார். வேண்டாம்மா, உங்களுக்கே இருக்குமோ இல்லையோ என்று நழுவுகிறார்கள். உடனே அம்மா, "இன்னிக்கி எங்க மாமியா திதி. நாலு பேருக்குச் சோறு போடாட்டி எங்களுக்கு ஆகாது" என்று ஒரு போடு போட்டார். அப்பத்தா திதி ஆடியில் வரும். இது கார்த்திகை. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது, தாத்தா வேறு திண்ணையில் வெற்றிலை இடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்கிறார். அவர் பெண்டாட்டி திதியை இப்படி நாலு மாசம் தள்ளிப்போட்டதற்கு என்ன சொல்லப்போகிறாரோ என்று பார்த்தால், இடிப்பதை நிறுத்திவிட்டு எழுந்து கைகால் கழுவிக்கொண்டு வந்து அவரும் ஓர் இலைமுன்னால் உட்கார்ந்தார். விழுந்த தேங்காய் மலையாய்க் கிடந்ததால் குழம்பு, கூட்டு, துவையல் எல்லாவற்றிலும் தேங்காய். போர்மேன் இரண்டாம் தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, போகும்போது அம்மாவிடம், "உங்க மாமியார் புண்ணியவதிம்மா" என்றார். அம்மா முகத்தைப் பார்க்க வேண்டுமே.

* * *

சின்னது ஒன்று. விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் பர்ஸ் போய்விட்டது, காலேஜ் முதல் வருஷம். தெரியாமல் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். கண்டக்டர் வந்ததும் அழுகை. திட்டப்போகிறார் என்று நினைத்தேன். "எந்த ஊரு இறங்கணும்?" என்றார், சொன்னேன். "இந்தா, இப்பத்தான் ஒரு அம்மா இதே ஊருக்கு டிக்கெட் எடுத்துட்டு ஏதோ போன் வந்துச்சுன்னு இறங்கிப் போச்சு. வீணாத்தானே போவுது, நீ வச்சுக்க" என்று ஒரு டிக்கெட்டைக் கொடுத்தார். ஸ்டாண்டை விட்டு வண்டி இன்னும் கிளம்பவே இல்லை. அடுத்த சீட்டுக்குப் போனவர் சட்டைப் பையிலிருந்து காசு எடுத்துத் தோல்பையில் போட்டதை நான் பார்த்தேன். பார்த்தது அவருக்குத் தெரியாது.

* * *

எல்லாரும் இப்படி என்று நினைத்துவிடாதீர்கள். 2015 சென்னை வெள்ளத்தில் பால் பாக்கெட்டை நூறு ரூபாய்க்கு விற்றவர்களையும் நான் பார்த்தேன், வாங்கியும் இருக்கிறேன், வீட்டில் குழந்தை. அவர்கள் ஒருவரும் பொய் சொல்லவில்லை. "ஆமா நூறு ரூபாதான், வேணும்னா வாங்கு" என்று உண்மையைத்தான் சொன்னார்கள்.

* * *

மேலே சொன்னவருக்கு: நானும் அதே வெள்ளத்தில் இருந்தவன்தான், ஜாபர்கான்பேட்டை. டிசம்பர் 1 அன்று தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை, ராத்திரி செம்பரம்பாக்கத்தில் வினாடிக்கு 29,000 கன அடி திறந்ததாகப் பின்னால்தான் படித்தோம். அப்போது எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் படிக்கட்டுதான். முதல் படி, மூன்றாவது படி, எட்டாவது படி என்று எண்ணிக்கொண்டிருந்தோம். போன் செத்துப்போச்சு. நாங்கள் முதல் மாடி. எண்பத்துநாலு வயசுப் பாட்டி, சர்க்கரை, இன்சுலின் வேறு தீர்ந்துபோகிற நிலை.

இரண்டாம் தேதி மத்தியானம் பைபர் போட் ஒன்று தெருவுக்குள் வந்தது. கடலில் போகிற போட், ரேஷன் கடை போர்டுக்குப் பக்கத்தில் மிதந்து வருகிறது, அந்தக் காட்சி இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. காசிமேட்டுப் பையன்கள் நாலு பேர். ஒருத்தன் மேலே ஏறி வந்து பாட்டியைக் குழந்தை மாதிரி அள்ளிக்கொண்டான். பாட்டிக்கு ஒரே வெட்கம், "நான் கனமா இருப்பேம்ப்பா" என்கிறார். "நீயா? ஈர வலைய ஒரு நாள் தூக்கிப் பாரு ஆயா" என்றான்.

திரும்பும்போது தண்ணீருக்கடியில் இருந்த ஏதோ ஒரு வீட்டுக் கேட்டின் கம்பியில் போட் ஏறிவிட்டது. கரகரவென்று சத்தம். நான் எட்டிப் பார்த்தேன், பக்கவாட்டில் ஒரு முழத்துக்குக் கீறல். ஐயோ, கிழிந்துவிட்டதே என்றேன். சுக்கானைப் பிடித்திருந்தவன் திரும்பிக்கூடப் பார்க்காமல், "அது பழய கீறல்ணா, ஆறு மாசமா இருக்குது" என்றான். நீலப் பெயின்டுக்கு நடுவே வெள்ளை வெளேரென்று நார் தெரிகிறது, கை வைத்தால் தூள் ஒட்டுகிறது. எங்கள் அப்பா கரையில் இறங்கினதும் ஈரமான ஐந்நூறு ரூபாய் ஒன்றை நீட்டினார். அதைப் பெரிய ஜோக் மாதிரி சிரித்துவிட்டு அடுத்த தெருவுக்குத் திரும்பிவிட்டார்கள். பேர்கூடக் கேட்கவில்லை. போட்டின் நம்பரையாவது பார்த்து வைத்திருக்கலாம்.

நூறு ரூபாய்ப் பால்காரனும் அதே தண்ணீரில்தான் வந்தான், இல்லை என்று சொல்லவில்லை.

* * *

நான் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறேன், பதினேழு வருஷம் ஆகிறது, கொங்கு பக்கம் ஒரு டவுன். முதலில் எழுதியவரின் பதிவைப் படித்ததிலிருந்து ஒன்று சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். தொழில் ரகசியம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சாம்பிள் என்பது டாக்டருக்குத்தான் வரும், கம்பெனி ரெப் நேராக அவரிடம்தான் கொடுப்பார். மருந்துக்கடைக்கு எங்கே வரப்போகிறது? யாராவது டாக்டர் எப்போதாவது, வைத்துக்கொள், ஏழைபாழைக்குக் கொடு என்று கொடுத்துவிட்டுப் போனால் உண்டு. சாம்பிள் அட்டையில் விற்பனைக்கு அல்ல என்று அச்சடித்தே வரும், அதை வெட்டத் தேவையே இல்லை.

நாங்கள் வெட்டுவது எதற்கென்றால், ஷெல்பில் இருக்கிற அட்டையில் ஓரத்தில் விலை போட்டிருக்கும். விலை தெரிந்தால் வாங்க மாட்டார்கள். சிலபேருக்கு ரோஷம் ஜாஸ்தி, கையில் காசில்லை என்றால் பாதி மாத்திரை போதும் என்பார்கள். அதிலும் இருதய மாத்திரையில் பாதியாவது, நாளாவது விடுவதாவது. அதனால் கத்திரிக்கோலால் அந்த ஓரத்தை மட்டும் வெட்டிவிடுவோம். ஆனால் விலை, பேட்ச் நம்பர், எக்ஸ்பைரி மூன்றும் ஒரே இடத்தில்தான் அச்சடித்திருக்கும், வெட்டினால் தேதியும் சேர்ந்து போய்விடும். தேதி தெரியாத மருந்தைக் கொடுத்து அனுப்ப மனசு வராது. எக்ஸ்பைரியைக் கவர்மேல் பேனாவால் எழுதிவிடுவோம். ராத்திரி கடை சாத்தும்போது முதலாளி கணக்குப் பார்ப்பதற்குள் நம் கைக்காசைக் கல்லாவில் போட்டுவிட்டால் சரியாகிவிடும். மாசத்தில் ஒன்றிரண்டு தடவைக்கு மேல் நம்மாலும் முடியாது, சம்பளம் அப்படி.

மதுரைக்காரரைப் பற்றி எனக்குத் தெரியாது. அவருக்கு நிஜமாகவே டாக்டர் யாராவது கொடுத்திருக்கலாம்.

* * *

முதலில் எழுதியவன்தான். இரண்டு நாளாக இந்தப் பக்கம் வரவில்லை. மருந்துக்கடை அண்ணன் எழுதியதைப் படித்துவிட்டு ஊருக்குப் போயிருந்தேன்.

அப்பா நன்றாக இருக்கிறார், ஆட்டுக்குக் குழை ஒடிக்கப் போயிருந்தார். அம்மா எதையும் தூக்கிப் போடமாட்டார். 2016 ஆஸ்பத்திரி பைல் எங்கே என்று கேட்டேன், என்ன ஏது என்று கேட்காமல் பரணிலிருந்து டிரங்குப் பெட்டியை இறக்கச் சொன்னார். எக்கோ, ஈ.சி.ஜி., டிஸ்சார்ஜ் சம்மரி, அடகுக் கடை ரசீது, அதற்கெல்லாம் அடியில் மூன்று காக்கிக் கவர். மூன்றிலும் நீல மையில் ஒரே கையெழுத்து. ஒன்றில் 3/18, இன்னொன்றிலும் 3/18, மூன்றாவதில் 11/17. அதற்குக் கீழே கொஞ்சம் சின்னதாக, காலை 1 ராத்திரி 1, சாப்பிட்ட பின்.

அம்மா கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "இது அந்தச் சாம்பிள் மாத்திரைக் கவருல்ல? நல்லவேளடா, அன்னிக்கி அந்தக் கடையில அது இருந்துச்சு" என்றார்.

ஆமாம்மா என்றேன்.